களித் துடுப்பும் ஒரு மாத்திரையும்

தருமபுரி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்துக்கு நான் வரவில்லை என்று கோபமா? பஸ்ஸில் கம்பியைப் பிடித்து ஏற விரல் மடங்கவில்லையடி. அதுதான் விஷயம்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, லெட்ரோசோல் மாத்திரை தினம் ஒன்று, ஐந்து வருடத்துக்கு என்று எழுதிக் கொடுத்தார்களே, மூன்றாம் மாதம் மூட்டு வலி ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் விரலெல்லாம் விறைத்துக் கிடக்கும். கட்டிலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கவே முடியும். நாலு நடை நடந்தால் கொஞ்சம் இளகும். ஒருநாள் களி கிண்டத் துடுப்பைப் பிடித்தேன், கை திரும்பவே இல்லை. அப்புறம் அவர்தான் கிண்டினார். ஒரே கட்டி. முழுங்கி வைத்தோம்.

நம் ஊரில் மூட்டு வலி என்று வாயைத் திறந்தால் போதுமே, "ஃப்ளோரைடு தண்ணி" என்பார்கள். நம் வகுப்பில் எத்தனை பேருக்குப் பல் காவியேறிக் கிடந்தது! நானும் நம்பிவிட்டேன். 2013இல் ஒகேனக்கல் தண்ணீர் வந்ததிலிருந்து ஃப்ளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரை வாயில் வைத்ததில்லை, அது கூட அப்போது தோன்றவில்லை. முடக்கத்தான் தோசை, எண்ணெய், ஒத்தடம் எல்லாம் ஆயிற்று. ஒரு வாரம் மாத்திரையை நிறுத்தியும் பார்த்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

டாக்டர் கேட்டது ஒன்றுதான்: "வலி எப்போதிலிருந்து?" சொன்னதும் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பார்த்தார். மாதவிடாய் நின்ற பிறகும் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொஞ்சம் ஊறுமாம். என் கட்டிக்கு அதுதான் தீனி. அதை ஊறவிடாமல் செய்வதுதான் இந்த மாத்திரையின் வேலை. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் மூட்டு வலிப்பதும் உண்டாம், நிறைய பேருக்கு வருகிறதாம். நிறுத்தியதைச் சொன்னபோது திட்டவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது. தாங்க முடியவில்லை என்றால் இதே வகையில் வேறு மாத்திரை இருக்கிறது, நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். எலும்பு பலமும் குறையுமாம், அதற்கு ஒரு ஸ்கேன் எழுதியிருக்கிறார். தினமும் நடக்கச் சொன்னார். வலிக்கிறவளை நடக்கச் சொல்கிறாரே என்று எரிச்சலாகத்தான் வந்தது. ஆறு வாரமாக நடக்கிறேன். வலி போகவில்லை, ஆனால் ரவிக்கைக் கொக்கியை நானே போட்டுக்கொள்கிறேன்.

உன் நாத்தனாருக்கும் இதே மாத்திரைதானே? வலி இருக்கிறதா என்று கேள். ஒழுங்காகப் போடுகிறாளா என்றும் கேள், என்னைப் போல மறைப்பாள். கேட்டு உடனே எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரி