பட்டம் ஏன் ஊதிக்கொண்டே போகிறது? மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பா,

நீ பைகேமில் (பைத்தான் மொழியில் விளையாட்டு எழுத உதவும் தொகுப்பு) எழுதிய பட்டம் விளையாட்டை நேற்று ராத்திரி ஓட்டிப் பார்த்தேன். பட்டம் அழகாகச் சுழல ஆரம்பித்தது. அப்புறம் ஓரமெல்லாம் பல் பல்லாகி, வலப்பக்கம் கீழே சரிந்துகொண்டே போய், கடைசியில் விளையாட்டே உறைந்துவிட்டது. "லேப்டாப் பழசு மாமா, அதான்" என்று எழுதியிருந்தாய். லேப்டாப் மேல் குற்றமே இல்லை. லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) இருக்கும் ஒரே ஒரு வரிதான் காரணம். பட்டத்தை 5 டிகிரி திருப்பி, திருப்பியதை மறுபடியும் 'பட்டம்' என்ற பெயரிலேயே வைத்துவிடுகிறாய்.

பைகேமில் படம் என்பது ஒரு சர்ஃபேஸ். அது எப்போதும் நேரான செவ்வகம்தான், சாய்ந்து நிற்கத் தெரியாது. 100 பிக்ஸல் சதுரத்தை 5 டிகிரி சாய்த்தால் நான்கு மூலைகளும் வெளியே நீட்டிக்கொள்ளும். அவற்றையும் அடக்க 108 பிக்ஸல் பெட்டி வேண்டும். மூலைகளில் இருப்பது வெற்றிடம் என்று அடுத்த பிரேமுக்கு, அதாவது திரையில் அடுத்து வரையும் காட்சிக்கு, தெரியாது. 108ஐ முழுப் படமாக எடுத்துக்கொண்டு திருப்பும், 117 ஆகும். பத்து முறையில் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். 60 முறை திருப்பினால் பக்கத்துக்குச் சுமார் 12,000 பிக்ஸல். பிக்ஸலுக்கு 4 பைட் என்று கணக்குப் போட்டுப் பார், 500 எம்பிக்கு மேல் போகிறது. நொடிக்கு 60 பிரேம் ஓடும் விளையாட்டில் இது ஒரே நொடி வேலை!

ஓரம் கெடுவதும் இதனால்தான். ஜெராக்ஸ் எடுத்த தாளையே திரும்பத் திரும்ப ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து என்ன ஆகும்? அதே கதை. 90, 180, 270 டிகிரி திருப்பும்போது மட்டும் ஒரு பிக்ஸலும் கெடாது.

அசல் படத்தைத் தொடாதே. அதை ஒரு பெயரில் பத்திரமாக வைத்துக்கொள். கோணத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போ. ஒவ்வொரு பிரேமிலும் அசலிலிருந்து புதிதாகத் திருப்பி, அதைத் திரையில் பிலிட் செய், அதாவது ஒட்டு. பெட்டியின் அளவு மாறுவதால் இடது மேல் மூலையை வைத்து நிறுத்தாதே, படத்தின் பெட்டியைத் தரும் கெட்_ரெக்ட்டில் சென்டரைக் கொடு. சரிவது நின்றுவிடும்.

இரண்டாவது பட்டத்துக்குச் சிவப்புப் பூசினாய், முதல் பட்டமும் சிவந்துவிட்டது, இல்லையா? சமக்குறி போட்டால் புதுப் படம் பிறக்காது, ஒரே படத்துக்கு இரண்டு பெயர் ஆகும். காப்பி() என்று கேட்டு வாங்கு.

படத்தை லோடு செய்வது லூப்புக்கு வெளியே, ஒரே முறை. ஒரு பிரேமுக்குக் கிடைப்பதே சுமார் 16.7 மில்லி விநாடி, அதற்குள் டிஸ்க்கைத் தேடிப் போகக் கூடாது. லோடு செய்த கையோடு கன்வர்ட்_ஆல்ஃபா() போடு. இல்லாவிட்டால் ஒவ்வொரு பிலிட்டின்போதும் படத்தைத் திரையின் வடிவத்துக்கு மாற்றும் வேலை நடக்கும். திரையைத் திறக்கும் செட்_மோடு அதற்கு முன்னால் வரவேண்டும், வராவிட்டால் எரர்தான்.

பட்டத்தைச் சுற்றி வெள்ளைப் பெட்டி தெரிவது ஜேபெக்காகச் சேமித்ததால். அதில் ஒளிபுகும் பிக்ஸல் கிடையாது. கலர்கீ (ஒரு நிறத்தை மட்டும் மறைக்கச் சொல்வது) போட்டாலும் ஓரத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை நிற்கும், ஜேபெக் சுருக்கும்போது நிறத்தைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது. ஒளிபுகும் பிக்ஸலை வைத்துக்கொள்ளும் பிஎன்ஜியாக வரைந்து அனுப்பு.

பட்டம் நடுவை வைத்துச் சுழலாமல் நூல் கட்டிய முடிச்சை வைத்து ஆடவேண்டும் என்று கேட்டிருந்தாய். நல்ல ஆசை. முடிச்சிலிருந்து படத்தின் நடுவுக்கு உள்ள தூரத்தை ஒரு வெக்டர்2 (எக்ஸ், ஒய் இரண்டும் சேர்ந்த ஜோடி) ஆக வை. படத்தைத் திருப்பும் அதே கோணத்துக்கு மைனஸ் போட்டு வெக்டரையும் திருப்பு. திரையில் ஒய் கீழ்நோக்கிக் கூடுவதால்தான் அந்த மைனஸ். முடிச்சு இருக்கும் இடத்தோடு அதைக் கூட்டினால் வருவதுதான் புது சென்டர். முதலில் வால் இல்லாமல் செய்து பார், பிறகு வாலைத் தனிப் படமாக வரைந்துகொள்ளலாம்.

அன்புடன்,
மாமா