எழுபத்தொன்று, முப்பத்தெட்டு

அன்பு மாப்ளே,

தீபாவளிக்கு எழுதுகிறேன் என்றேன். பொங்கலும் போய் ஆடியும் வந்துவிட்டது. திட்டுவதை மொத்தமாகத் திட்டிக்கொள். கடலை மிட்டாய் வந்து சேர்ந்தது. பாதி டப்பாவைக் காரிலேயே காலி செய்துவிட்டு, நீ அனுப்பியதே அவ்வளவுதான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். உன் பெயர்தான் கெட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று தங்கச்சி சொன்னது. சந்தோஷம்.

சரி, விஷயம் இதுதான். என் பையன் கவினுக்கு வலது முழங்கையில் லிகமென்ட் பாதி கிழிந்திருக்கிறது. விழவும் இல்லை, யாரும் இடிக்கவும் இல்லை. பந்து எறிந்து எறிந்தே வந்தது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்த ஆரம்பிப்பாய், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் எழுத்தில்.

பேஸ்பால் உனக்குப் பெரிய கிட்டிப்புள். இருந்தாலும் கேள். இங்கே பள்ளி அணியின் ஆட்டம் பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்தோடு முடிந்துவிடும். முடிந்த மறுவாரமே டிராவல் பால். காசு கட்டிச் சேர வேண்டிய தனியார் அணி. வியாழக்கிழமை கிளம்பி அலபாமா, டென்னசி, ஃப்ளோரிடா என்று போய் ஐந்து ஆட்டம் ஆடிவிட்டு ஞாயிறு நள்ளிரவு திரும்புவோம். அட்லாண்டா பக்கம் இந்தப் பைத்தியத்துக்குத் தலைநகர். ஜேசன் ஹேவர்ட், பிரையன் மெக்கேன் எல்லாம் மரியெட்டாவில் இருக்கும் ஈஸ்ட் காப் கிளப்பில் ஆடி, தொழில்முறை பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக் வரை போனவர்கள். வடக்கே எமர்சனில் லேக்பாயின்ட் என்று ஓர் இடம். செயற்கைப் புல் மைதானங்கள் வரிசையாக இருக்கும். கோவில்பட்டியில் ஹாக்கிக்கு அப்படி ஒன்று வருவதற்கு நீங்கள் அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். பார்த்தால் உனக்கு வயிறு எரியும்.

செலவைக் கேட்காதே. கேட்பாய், சொல்கிறேன். அணிக்கு வருஷத்துக்கு 4,500 டாலர். தனிப் பயிற்சி மணிக்கு 90. மட்டை 400. ஹோட்டலும் அவர்கள் கொடுக்கும் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும். சொந்தப் பிள்ளை ஆடுவதைப் பார்க்க வாசலில் டிக்கெட் வேறு. கல்லூரியில் ஸ்காலர்ஷிப் கிடைத்தால் சரியாகிவிடும் என்று எல்லா அப்பாக்களும் சொல்லிக்கொள்வோம். 2025 வரை முதல் பிரிவுக் கல்லூரி ஒன்றுக்கு இருந்ததே 11.7 ஸ்காலர்ஷிப்தான். அதையும் பல பேருக்குப் பிய்த்துக் கொடுத்தார்கள். 2025-ல் பல கல்லூரிகளுக்கு அந்த வரம்பை எடுத்துவிட்டு, அணிக்கு 34 பேர் என்று மாற்றினார்கள். இதில் கூத்து என்னவென்றால், எங்கள் ஜார்ஜியா மாநிலத்தில் 1993-லிருந்தே ஹோப் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று உண்டு. ஒழுங்காகப் படித்து நாலுக்கு மூன்று புள்ளி சராசரி எடுத்தாலே போதும். இதை என் மனைவி எனக்கு நாலு வருஷமாகச் சொல்லிவருகிறாள்.

ஜூலை நடுவில் நடந்தது இது. அலபாமாவில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு போட்டி. சனிக்கிழமை காலை கவின் எறிந்தான். நம் விக்கெட் கீப்பர் மாதிரி நிற்கும் கேட்சருக்குப் பின்னால், வலைக்கு அந்தப் பக்கம், ஆள் தேடி வந்த கல்லூரி ஆட்கள் மடக்கு நாற்காலியில் வேகம் அளக்கும் ரேடார் கன்னோடு உட்கார்ந்திருந்தார்கள். பந்து கையை விடும் நேரத்தில் பத்துக் கைகள் ஒன்றாகத் தூக்கும், ஒன்றாக இறங்கும், குனிந்து எழுதும். மணிக்கு 84 மைல் தொட்டான். நம் கணக்கில் 135 கிலோமீட்டர். சாத்தூர் மேட்சில் உன்னுடைய வேகம் என்று நீ சொல்லிக்கொண்டு திரிகிறாயே, அது.

என் அம்மா வந்திருந்தபோது ஸ்ரீராமஜெயம் எண்ணுவதற்கு விரலில் மாட்டிக்கொள்ளும் ஒரு கவுன்ட்டரை விட்டுவிட்டுப் போனாள். பச்சை நிறம். நான் அதை வைத்துத்தான் கவினின் எறிகளை எண்ணுவேன். சனிக்கிழமை 71. எங்கள் ஃப்ரிட்ஜில் மளிகை லிஸ்டுக்குக் கீழே ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது. மேஜர் லீக்கும் யுஎஸ்ஏ பேஸ்பால் என்ற அமைப்பும் சேர்ந்து 2014-ல் கொண்டுவந்தது. 16 வயதுப் பையன் ஒரு நாளில் 95-க்கு மேல் எறியக் கூடாது. 61-லிருந்து 75 வரை எறிந்தால் மூன்று நாள் ஓய்வு. அது எனக்கு மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. அணியில் எறிய ஆள் தீர்ந்துவிட்டது. கோச் வந்து, "ஒரே ஒரு இன்னிங்ஸ், முடியுமா?" என்றார். கவின் "முடியும்" என்றான். என்னைத் திரும்பிப் பார்த்தான், மாப்ளே. நான் தலையை ஆட்டினேன். சனிக்கிழமை இல்லாத ஒரு கல்லூரியின் தொப்பி அன்றைக்கு வலைக்குப் பின்னால் தெரிந்தது. அவ்வளவுதான் காரணம். கவுன்ட்டரை வெளியே எடுக்கவில்லை. பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே விரலில் மாட்டி அமுக்கிக்கொண்டிருந்தேன், யாருக்கும் தெரியாமல். 38. கடைசி ஏழெட்டு எறிக்கு முன்னால் அவன் கையை உதறினான், கழுவிய கையில் ஈரம் உதறுவதுபோல.

செவ்வாய்க்கிழமை ராத்திரி இடது கையால் தோசையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். "என்னடா பழக்கம் இது" என்று அவன் அம்மா அதட்டினாள். பிறகுதான் அவன் வலது கையை மடியில் வைத்திருப்பதைப் பார்த்தாள். நீட்ட முடியவில்லை.

டாக்டர் எம்ஆர்ஐ பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "வருஷத்தில் எத்தனை மாதம் எறிகிறான்?" நான் பதினொன்று என்றேன். அதே அட்டவணையில் வருஷத்துக்கு நாலு மாதம் போட்டிகளில் எறியவே கூடாது என்றும் போட்டிருக்கிறது. என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் தேவலை.

இப்போதைக்குக் கத்தி இல்லை. மூன்று மாதம் பந்தைத் தொடக் கூடாது, அப்புறம் பார்க்கலாம் என்றிருக்கிறார். சரியாகவில்லை என்றால் டாமி ஜான் ஆபரேஷன். 1974-ல் ஃப்ராங்க் ஜோப் என்ற டாக்டர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு, அதாவது கவின் மாதிரி பந்து எறிபவருக்கு, ஒரு கையின் தசைநாணை எடுத்து இன்னொரு முழங்கையில் வைத்துக் கட்டினார். அந்த ஆள் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கிப் பார். நடுவில் கயிறு மாதிரி எழும்புகிறதா? அதுதான் அந்தத் தசைநாண். சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது. எனக்கு இடது கையில் மட்டும் இருக்கிறது. உனக்குப் பார்த்துச் சொல்.

இது வளர்ந்த ஆட்களுக்கு வரும் வியாதி என்று நினைத்திருந்தேன். 2007-லிருந்து 2011 வரை அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து ஒரு கணக்கு எடுத்திருக்கிறார்கள். இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பாதிக்கு மேல் 15-லிருந்து 19 வயது. பிள்ளைகள். போன வாரம் பார்க்கிங்கில் ஓர் அப்பா என் தோளைத் தட்டி, "கவலைப்படாதே, செய்துகொண்டால் வேகம் கூடும்" என்றார். நல்ல மனுஷன்தான். எனக்கு அவரை அறைய வேண்டும்போல இருந்தது. போன வருஷம் யாரோ சொல்லக் கேட்டு அதையே நானும் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது காரில் ஏறின பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஜான் ஸ்மோல்ட்ஸ் என்று எங்கள் ஊர் பிரேவ்ஸ் அணியின் பழைய பிட்சர். இந்த ஆபரேஷன் செய்துகொண்டு, பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போன முதல் பிட்சர் அவர்தான். 2015-ல் அந்த மேடையிலேயே பெற்றோரைப் பார்த்து, பேஸ்பால் வருஷம் முழுக்க ஆடுகிற ஆட்டம் இல்லை, பிள்ளைகளை வேறு ஆட்டங்களும் ஆட விடுங்கள் என்றார். டிவியில் பார்த்துக் கை தட்டினேன். கவின் அப்போது ஆறு வயது, என் மடியில் இருந்தான்.

பத்தாவது முடித்த பையன்களைக் கல்லூரி கோச்சுகள் ஆகஸ்ட் 1-லிருந்துதான் நேரடியாகக் கூப்பிடலாம் என்று ஒரு விதி. இரவு 12 மணிக்கு இந்த நாட்டில் எத்தனை பையன்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்கிறாய்! கவினும் உட்கார்ந்திருந்தான். 12.04-க்கு ஒன்று வந்தது. அலபாமாவில் பார்த்தோம், ஞாயிற்றுக்கிழமை திரும்ப வந்து எறிந்த தைரியம் பிடித்திருந்தது என்று எழுதியிருந்தார்கள். போனை என்னிடம் நீட்டி, "அப்பா, கையைப் பற்றி இப்பவே சொல்லணுமா?" என்றான். சொல்லிவிடு என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. அந்த ஒரு நிமிஷத்தை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு பதில் இல்லை.

உன்னிடம் ஹாக்கிப் பையன் ஒருவன் "வலிக்கலை சார்" என்றால் நீ எதை வைத்துக் கண்டுபிடிப்பாய்? வாயைப் பார்ப்பாயா, காலைப் பார்ப்பாயா? நிஜமாகவே கேட்கிறேன், எழுது.

அப்புறம் ஓர் உதவி. அவன் என்னிடம் ஒழுங்காகப் பேசுவதில்லை. உன்னிடம் பேசுவான், உன் டிராயர் கதை அவனுக்கு இன்னும் பிடிக்கும். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கூப்பிடு, எங்களுக்குச் சனி இரவு ஒன்பதரை. கையைப் பற்றி நீயாக எடுக்காதே. நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், கடைக்குப் போய்விடுகிறேன்.

உன்
சேகர்

பி.கு. கடலை மிட்டாய் விஷயம் வீட்டில் தெரிந்துவிட்டது. காரில் டப்பா கிடந்தது.