பேர்கன் இசை விழாவுக்கு நம் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நோர்வே இசையில் நமக்கென்று ஒன்றுமில்லை, பிள்ளைகளை அந்தப் பக்கம் விட்டால் படித்த சங்கீதமும் மறந்துபோகும் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பிள்ளைகளைப் பற்றிய அவருடைய கவலை எனக்கும் உண்டு. நான் பேர்கனில் பகலில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், மாலையில் வீட்டில் வைத்துக் கர்நாடக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால்தான் அவர் சொன்னதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூன் வரை நடக்கும் பேர்கன் சர்வதேச இசை விழாவை நான் விடுவதில்லை. 1953-ல் தொடங்கிய விழா அது. நகரச் சதுக்கத்தில் ஊரே கூடித் தொடக்க விழா நடக்கும். பெரிய வாத்தியக் குழுக்களுக்கு கிரீக் மண்டபம். 13ஆம் நூற்றாண்டில் ஹோக்கன் அரசர் கட்டிய கல் மண்டபத்திலும் கச்சேரிகள் உண்டு. 1944-ல் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது அந்த மண்டபம் எரிந்து சிதைந்தது. பிறகு திருத்திக் கட்டினார்கள். அந்தக் கல் சுவர்களுக்கு நடுவே ஒரு குரல் எழுந்தால் அது அடங்கிப்போக நேரமெடுக்கும். பாடுகிறவர்களும் அதற்காகக் காத்திருந்துதான் அடுத்த அடியை எடுக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் ட்ரோல்ட்ஹவ்கன். இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் 1885 முதல் வாழ்ந்த வீடு. நகர ரயிலில் ஹோப் நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் இருநூறு பேர் அளவில் இருக்கக்கூடிய சிறிய மண்டபம். மேடைக்குப் பின்னால் சுவர் இல்லை, கண்ணாடிதான். வாசிப்பவரின் தோளுக்கு மேலால் கிரீக் உட்கார்ந்து இசை எழுதிய சிறு குடிசையும் அதற்கப்பால் நீரும் தெரியும். அங்கேதான் நோர்வே நாட்டார் இசையின் வாத்தியமான ஹார்டாங்கர் வயலினை முதன்முதலாக மிகக் கிட்ட இருந்து பார்த்தேன்.

வயலின் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தலைப்பக்கம் சிங்க முகம். விரல் வைக்கும் பலகையில் எலும்பும் சிப்பியும் பதித்திருக்கும், உடம்பு முழுக்க மையால் பூ வேலை. வில் படும் தந்திகள் நான்கு. அவற்றின் அடியில் வில்லே படாத நான்கைந்து தந்திகள் ஓடுகின்றன. மேலே வாசிக்க வாசிக்க அவை தாமாக அதிரும், நம் கோட்டுவாத்தியத்தில் இருப்பது போல. தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டு கிட்டத்தட்டத் தட்டையாக இருப்பதால் வில் பெரும்பாலும் இரண்டு தந்திகளைச் சேர்த்தே இழுக்கும். ஆகவே சுருதி எங்கேயும் வெளியே இருந்து வர வேண்டியதில்லை, வாத்தியத்துக்குள்ளேயே இருக்கிறது.

இனிக் கேளுங்கள். அந்த அடித் தந்திகளை வழக்கமாகச் சேர்க்கும் முறையில், டி என்ற சுரத்தை நம் ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், ஐந்து தந்திகளும் ச ரி க ப த. மோகன ராகத்தின் ஐந்து சுரங்கள்! இன்னொரு சுருதி சேர்க்கை இருக்கிறது, பூத சுருதி என்றே சொல்லலாம். பேய்க்கதைகளோடு வரும் மெட்டுகளுக்கு வைத்துக்கொள்வது. அதில் மேல் தந்திகள் ச ப ச க. நம் வயலின் ச ப ச ப. கடைசித் தந்தி ஒன்றுதான் வேறு. விழா முடிந்து வந்ததும் என்னிடம் படிக்கும் பிள்ளை ஒருத்தி தன் வயலினின் கடைசித் தந்தியை அந்த ‘க’வுக்கு, அதாவது அந்தர காந்தாரத்துக்கு, இறக்கி மோகனம் வாசித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் சுருதி சேர்ப்பதில் வந்திருக்கும் கவனத்தை நான் எவ்வளவு சொல்லியும் முன்பு கொண்டுவர முடிந்ததில்லை. சங்கீதம் மறந்துபோகும் என்றவருக்கு இதைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

தாளமும் அப்படித்தான். ஸ்பிரிங்கார் என்ற நடனத்துக்கு மூன்று அடி. ஆனால் மூன்றும் சம நீளமல்ல. எந்த அடி நீளும், எது குறுகும் என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். டெலமார்க்கில் ஒரு மாதிரி, வால்ட்ரஸில் இன்னொரு மாதிரி. வாசிப்பவர் காலால் தரையில் தட்டிக்கொண்டே வாசிப்பார், அந்தத் தட்டும் இசையில் சேர்த்தி. கையில் சம அளவாக மூன்று எண்ணும் திஸ்ரம் போட்டால் ஒட்டாது. காலைக் கேட்டால் பிடிபடும்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், இந்த வயலினுக்குப் பெயர் தந்த ஹார்டாங்கர் பக்கத்து ஐயா ஒருவர் இருந்தார். மதப்பற்று மிகுந்த அந்தக் காலத்தில் இந்த வயலினைச் சாத்தானின் கருவி என்று சொல்லி நெருப்பில் போட்ட கதைகளைத் தன் பாட்டி சொல்லக் கேட்டவர். அப்படி ஒடுக்கப்பட்டது இன்று அரசரின் ஆதரவோடு நடக்கும் விழாவில் நடு மேடையில் நிற்கிறது. அது தானாக நடக்கவில்லை. டெலமார்க்கின் கிராமத்து வயலின்காரர் குனுட் டாலே, தன்னோடு மெட்டுகள் அழிந்துவிடக் கூடாதென்று கிரீக்குக்குக் கடிதம் எழுதினார். 1901-ல் டாலே வாசிக்க வாசிக்க யோஹான் ஹால்வர்சன் என்ற வயலின் கலைஞர் 17 மெட்டுகளை எழுதி எடுத்தார். அவற்றைத்தான் கிரீக் பியானோவுக்கு அமைத்தார். பிறகு பேர்கனில் பிறந்த இசையமைப்பாளர் கெயிர் டுவெய்ட் இந்த வயலினைப் பெரிய வாத்தியக் குழுவின் முன்னால் நிறுத்தி எழுதிய கொன்சேர்ட்டோ, 1956-ல் இதே விழாவில்தான் முதலில் ஒலித்தது. 1970-ல் அவருடைய வீடு தீப்பிடித்து எழுத்துப் படிகளில் பெரும்பகுதி சாம்பலானது. அதைப் படித்த அன்று யாழ்ப்பாண நூலகத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்றைய தலைமுறையும் சும்மா இல்லை. ஹார்டாங்கரைச் சேர்ந்த பெனடிக்ட மவுர்செத் போன்றவர்கள் பழைய மெட்டோடு மலைமேட்டின் மிருகங்களையும் பறவைகளையும் சேர்த்துப் புதிய இசை செய்கிறார்கள். இசையமைப்பாளர் லாஸ்ஸ தோரசன், பியானோவில் கிடைக்காத நாட்டுப்பாடல் சுரங்களை ஆறு பாடகர்களுக்கென எழுதினார். 2010-ல் அவருக்கு வட ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து கொடுக்கும் நோர்டிக் கவுன்சில் இசைப் பரிசு கிடைத்தது. சுரங்களை அசைத்து வாசிக்கும் நம் கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு அவை கொஞ்சமும் அந்நியமில்லை. எல்லாப் புதிய படைப்புகளும் எனக்குப் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் ஓசை மட்டும்தான், உயிர் இல்லை. அப்படியானவற்றுக்கும் இங்கே சனம் பொறுமையாக இருந்து கேட்டு, முடிந்தபின் வாசலில் நின்று வாதாடுகிறார்கள். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் ஒருவருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரமில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் நம்மவரைக் காண்பது அரிது. அரங்கேற்றம் என்றால் மண்டபம் கொள்ளாமல் வருகிறோம், நல்லது, அதுவும் வேண்டும். அதே பிள்ளைகள் பிறந்து வளரும் ஊரின் விழா இது. இலவச நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. அடுத்த முறை நிகழ்ச்சி நிரல் வந்ததும், நாட்டார் இசைக் கச்சேரிகளையும் இலவச நிகழ்ச்சிகளையும் மட்டுமாவது உங்கள் பத்திரிகையில் தமிழில் போடுங்கள். நோர்வேஜிய மொழியிலிருந்து எழுதித் தர நான் தயார். என்னிடம் படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறேன். விருப்பமுள்ள பெற்றோர் பத்திரிகை வழியாகத் தொடர்புகொண்டால் எல்லோரும் சேர்ந்தே போகலாம். கடிதம் எழுதிய அந்த வாசகரும் வந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன்.

இப்படிக்கு,
வயலின் ஆசிரியை ஒருவர்,
பேர்கன், நோர்வே