வெப்பம் காட்டிக்கொடுக்கும் விரிசல்

அன்புள்ள சண்முகத்துக்கு,

நலம், நலமறிய அவா. பள்ளியில் கல்பனா சாவ்லாவைப் பற்றிப் பேசப்போகும் உன் பேத்தி, நான் வேலை செய்யும் வெப்பக் கேமரா அன்று இருந்திருந்தால் அவர் பயணம் செய்து சிதறிய கொலம்பியா விண்வெளி ஓடம் தப்பியிருக்குமா என்று கேட்டதாக எழுதியிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

எங்கள் முறை எளிது. செனான் விளக்கைச் சில மில்லி வினாடிகள் மின்னவிட்டுச் சோதிக்கும் பலகையின் மேற்பரப்பைச் சூடாக்கிவிட்டு, அது ஆறுவதை அகச்சிவப்புக் கேமராவில் பதிவு செய்கிறோம். நல்ல இடத்தில் வெப்பம் உள்ளே இறங்கிவிடும். அடுக்குகள் ஒட்டு விட்டுப் பிரிந்த இடத்தில் இடைவெளி வழிமறிப்பதால் மேற்பரப்பு சற்று நேரம் கூடுதலாகச் சூடாகத் தெரியும். குறை இரு மடங்கு ஆழத்தில் இருந்தால் அது தெரிய நான்கு மடங்கு நேரமாகும். அதற்குள் வெப்பம் பக்கவாட்டிலும் பரவிவிடுவதால் ஆழத்தில் இருக்கும் சிறு குறை மங்கலாகிவிடும். பளபளக்கும் அலுமினியம் என்றால் இன்னொரு தொல்லை: திரையில் தெரிவது பலகையின் வெப்பமன்று, எதிரில் நிற்கும் என் முகத்தின் வெப்பம்! கழுவினால் போய்விடும் கறுப்புப் பூச்சு பூசித்தான் படமெடுக்கிறோம்.

பூமிக்குத் திரும்பும்போது எழும் கடும் வெப்பத்தைத் தாங்க, கொலம்பியாவின் இறக்கை முன்விளிம்பில் பக்கத்துக்கு 22 கார்பன் பலகைகள் இருந்தன. ஏவுதளத்து வண்ணப்பூச்சிலிருந்து மழையில் கரைந்து வந்த துத்தநாகம் அத்தகைய பலகைகளின் மேற்பூச்சில் ஊசித்துளைகள் உண்டாக்கியது. அவற்றின் வழியே புகும் ஆக்சிஜன் உள்ளிருக்கும் கார்பனை அரிக்கும். தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டியும் கண்ணால் பார்த்தும் வந்த சோதனைக்கு அந்த அரிப்பு பிடிபடாது. விபத்துக்குப் பின்னர்தான் வெப்பப்பட முறை நாசாவில் வழக்கமாயிற்று.

ஆனால், 2003 ஜனவரி 16 அன்று ஏவிய 82ஆம் வினாடியில் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு மோதி இடது இறக்கையின் 8ஆம் பலகையை உடைத்ததே, அதைத் தரையில் எடுத்த எந்தப் படமும் முன்கூட்டிக் காட்டியிருக்காது. விண்ணில் வைத்துத்தான் பார்த்திருக்க வேண்டும். படமெடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டதை மேலாளர்கள் முன்னெடுக்கவில்லை. எனக்கு அதுதான் இன்றும் ஆறவில்லை. 2006 ஜூலையில் விண்வெளி வீரர்கள் பியர்ஸ் செல்லர்ஸும் மைக்கேல் ஃபோசமும் விண்நடையின்போது அகச்சிவப்புக் கேமராவால் இத்தகைய பலகைகளைப் படமெடுத்துச் சோதித்தார்கள்.

அடுத்த மாதம் வரும்போது வெப்பப்படங்கள் சிலவற்றைக் கொண்டுவருகிறேன். ஒட்டு விட்ட இடம் எது என்று பேத்தியே கண்டுபிடிக்கட்டும்.

அன்புடன்,
இராமநாதன்