கைசரும் இராயனும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த சேதியை வீட்டில் எல்லாருக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். மருமகளுக்குச் சிசேரியன் என்று முதல் வரியிலேயே எழுதிப் பதற வைத்துவிட்டாய். தாயும் பிள்ளையும் நலம் என்பது அடுத்த பக்கத்தில்தான் வருகிறது! இங்கே எனக்கு வலது கண்ணில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இடது கண்ணுக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை. அதனால் விட்டு விட்டுத்தான் எழுதுகிறேன், எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

ஜூலியஸ் சீசர் அப்படிப் பிறந்ததால்தான் சிசேரியன் என்று பெயர் வந்ததா என்று கேட்டிருந்தாய். இல்லை. அந்தக் காலத்தில் தாய் இறந்த பிறகோ, பிழைக்க மாட்டாள் என்று தெரிந்த பிறகோதான் வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுப்பார்கள். சீசரின் தாய் அவுரேலியாவோ மகன் பெரிய தளபதியாகிப் போர்களை நடத்துவதைப் பார்த்துவிட்டு, கி.மு. 54இல்தான் இறந்தார். அது போக, சீசர் என்பது அவருக்கென்று வைத்த பெயரும் இல்லை, குடும்பப் பெயர். அவர் பிறப்பதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே, கி.மு. 208இல், செக்ஸ்டஸ் ஜூலியஸ் சீசர் என்றொருவர் ரோமில் பதவியில் இருந்திருக்கிறார்.

குடும்பத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதில் ரோமானியர்களே ஒரு முடிவுக்கு வரவில்லை. தாயின் வயிற்றை வெட்டி எடுத்த முன்னோர் ஒருவரால் வந்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். சிசேரியன் கதைக்கு வேர் அதுதான். தலை நிறைய முடியோடு பிறந்த ஒருவரால் வந்தது என்றார்கள் வேறு சிலர், லத்தீனில் அடர்ந்த முடிக்குக் 'கைசரியேஸ்' என்று பெயர். சாம்பல் நிறக் கண் என்றும், மூர் மக்களின் மொழியில் யானையைக் குறிக்கும் சொல் என்றும்கூடக் கதைகள் உண்டு. எனக்கு முடிக் கதைதான் பொருத்தமாகப் படுகிறது. உடம்பின் அடையாளத்தை வைத்துக் குடும்பத்தைக் கூப்பிடுவது அங்கே சாதாரணம்: சிசரோ என்றால் கொண்டைக்கடலை, நாசோ என்றால் மூக்கன்.

சரி, இது சின்ன விஷயம். உன் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனதில் என்னை உட்கார வைத்தது வேறொன்று. ஒரு குடும்பப் பெயர் எப்படிப் பட்டமாக மாறியது?

ரோமானியர்களுக்கு 'அரசன்' என்ற சொல்லே ஆகாது. சீசரும் மகுடத்தை வெளிப்படையாக மறுத்தவர்தான், ஆனாலும் அரசனாகப் பார்க்கிறார் என்ற சந்தேகத்தில்தான் கி.மு. 44இல் அவரைக் குத்திக் கொன்றார்கள். அவர் உயிலில் தத்தெடுத்த சகோதரியின் பேரன் அக்டேவியன், பின்னாளில் அகஸ்டஸ் ஆனவர், அதே தப்பைச் செய்யவில்லை. அரசன் என்று தன்னை எங்கேயும் சொல்லிக்கொள்ளவில்லை. சீசர் என்ற பெயரை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்த திபேரியஸும் தத்தெடுப்பால் அந்தப் பெயரைப் பெற்றார். கி.பி. 41இல் ஆட்சிக்கு வந்த கிளாடியஸுக்கு அந்தத் தத்து உரிமைகூட இல்லை, பெயரைத் தானாகவே எடுத்துக்கொண்டார். 68இல் நீரோவோடு அந்த வம்சம் முடிந்தது. அடுத்து வந்தவர்களுக்குச் சீசர் குடும்பத்தோடு ஒரு சொந்தமும் கிடையாது. இருந்தும் கால்பா, ஓதோ, வெஸ்பாசியன் எல்லாரும் அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டார்கள். பெயர் பட்டமானது அங்கேதான்.

இன்னொரு விசித்திரம் பார். பிறந்த இடத்திலேயே அந்தப் பட்டம் மெல்ல மெல்லச் சிறுத்துப்போனது. 293இல் டயோக்ளீஷியன் பேரரசைப் பங்கிட்டபோது மூத்தவர்களுக்கு அகஸ்டஸ், அவர்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குச் சீசர். பிற்பாடு கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் அது அரச குடும்பத்தாருக்கும் வேண்டியவர்களுக்கும் கொடுக்கிற விருதுப் பெயராகிவிட்டது. ஆனால் ரோமுக்கு வெளியே அதே சொல் ஏறிக்கொண்டே போனது. ஜெர்மானிய மொழிகள் அதை மிகப் பழைய காலத்திலேயே வாங்கி, ககர ஒலி மாறாமல் வைத்துக்கொண்டன. லத்தீனில் அதைக் 'கைசர்' என்றுதான் சொல்லியிருப்பார்கள், நாம் சொல்லும் சீசர் ஆங்கிலம் வழியாக வந்தது. ஸ்லாவ் மொழிகளில் அது சுருங்கி ஜார் ஆனது. பல்கேரியாவின் சிமியோன் பத்தாம் நூற்றாண்டிலேயே அந்தப் பட்டத்தைக் கேட்டு ரோமப் பேரரசோடு மோதினார், மாஸ்கோவின் நான்காம் இவான் 1547இல் அதைச் சூடினார். 1453இல் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் தன்னைக் 'கைசர்-இ-ரூம்', அதாவது ரோமின் கைசர், என்று அழைத்துக்கொண்டார். ரோமை வென்றவனுக்கும் ரோமின் பெயர் வேண்டியிருந்தது.

நீயும் நானும் பள்ளியில் பாரதியின் 'புதிய ருஷியா' பாட்டை ஒப்பித்தவர்கள். இரணியனைப் போல் ஆண்ட கொடுங்கோலன் என்று அவர் பாடுவது 'ஜாரெனும் பேர்' கொண்டவனைத்தான். 1917 மார்ச்சில் அந்த ஜார் முடிதுறந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் ஜெர்மனியின் கைசரும் போனார். ஒரே பெயரின் இரண்டு உருவங்கள், எதிரெதிரே நின்று போரிட்டு, இரண்டு வருஷத்துக்குள் விழுந்தன. அந்தப் பாட்டை ஒப்பித்த வயதில் இதை யாராவது நமக்குச் சொல்லியிருக்கலாம் என்று இருக்கிறது.

இந்தியாவுக்கு அது வந்த விதம்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. 1876இல் விக்டோரியா ராணிக்கு இந்தியப் பேரரசி என்ற பட்டத்தை பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்தது. அதை இந்திய மொழிகளில் எப்படிச் சொல்வது? பாதுஷா, ராஜா, சுல்தான் எல்லாம் பலர் பூண்டு பழகிய பட்டங்கள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய நினைவு ஒட்டியிருந்தது. லாகூர் அரசுக் கல்லூரி முதல்வர் லைட்னர் 'கைசர்-இ-ஹிந்த்' என்று யோசனை சொன்னார். பாரசீக, உருது இலக்கியம் படித்தவர்களுக்குக் கைசர் தெரிந்த சொல். ரோமின் அரசன் கைசர், ஈரானின் அரசன் கிஸ்ரா என்று இரண்டையும் சேர்த்தே சொல்வது அங்கே வழக்கம். (கிஸ்ராவும் குஸ்ரோ என்ற ஆள் பெயரிலிருந்து வந்ததுதான்.) ரோமின் சீசர், ஜெர்மனியின் கைசர், ரஷ்யாவின் ஜார் மூவரையும் அந்த ஒரு சொல் நினைவூட்டும். அதேசமயம் இந்த மண்ணில் இந்து, முஸ்லிம் எந்த அரசரும் அணிந்த பட்டம் இல்லை. ஆள்பவர்களுக்கு அது வசதி. ஆளப்பட்டவர்களில் யாருக்கும் அதில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

1877 ஜனவரி 1ஆம் தேதி வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் கூட்டி அந்தப் பட்டத்தை அறிவித்தார். அது எந்த வருஷம் தெரியுமா? தாது வருஷம். நம் பாட்டிமார் பேச்சில் 'தாது வருஷப் பஞ்சம்' என்று வருமே, அதே வருஷம். டெல்லியில் ராஜாக்களுக்குக் கொடியும் பதக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தபோது சென்னை மாகாணத்தில் ஜனங்கள் பசியில் செத்துக்கொண்டிருந்தார்கள். தர்பார் முடிந்த கையோடு லிட்டன் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியைத் தெற்கே அனுப்பினார், அனுப்பியது செலவைக் குறைக்க. நிவாரண வேலையில் மண் சுமந்த ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ஆக்கினார் டெம்பிள். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. தென்னிந்தியாவிலும் மேற்கிலுமாக அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். கைசர்-இ-ஹிந்த் என்ற பட்டத்தை எங்கே படித்தாலும் எனக்கு இனி அந்த ஒரு பவுண்டுதான் நினைவுக்கு வரும்.

1900இல் அதே பெயரில் ஒரு பதக்கம் ஏற்படுத்தினார்கள். பொதுச்சேவைக்கான பதக்கம். 1915இல் காந்திக்கு அது தங்கத்தில் கிடைத்தது, 1920 ஆகஸ்டில் ஒத்துழையாமையைத் தொடங்கியபோது வைஸ்ராய்க்குக் கடிதம் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். பட்டம் அதற்கப்புறமும் நீடித்து, நாடு விடுதலையாகி ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 1948 ஜூனில்தான் ஆறாம் ஜார்ஜ் அதை முறைப்படி விட்டார்.

இதையெல்லாம் எழுதும்போது உன் வீட்டில் ஜெபத்துக்கு வாசிக்கிற பழைய வேதாகமம் நினைவுக்கு வந்தது. 'இராயனுடையதை இராயனுக்கும்' என்று சொல்வாயே, மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது கைசர். 'அகுஸ்துராயன்', 'திபேரியுராயன்' எல்லாம் சீசர்கள்தான். இராயர் என்றால் விஜயநகரத்து மன்னர், கிருஷ்ணதேவராயர் போல. சிற்றரசர்களுக்கெல்லாம் மேலே, தூரத்தில் இருந்துகொண்டு வரி வாங்குகிறவர். மொழிபெயர்த்தவர்கள் அந்தச் சொல்லை எடுத்தது எவ்வளவு நேர்த்தி! கேட்டவுடன் யாரைச் சொல்கிறார்கள் என்று புரிந்திருக்கும். பிற்காலத்துத் திருவிவிலியத்தில் சீசர் என்றே போட்டுவிட்டார்கள். சரியாகவே இருக்கிறது, ஆனால் எனக்கு இராயன்தான் பிடித்திருக்கிறது.

இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று கேட்கிற அந்தக் கதையில் இயேசு கையில் கேட்டு வாங்கிப் பார்க்கிற வெள்ளிக்காசு திபேரியஸின் தினாரியஸ் என்பது பலருடைய கருத்து. தலையைச் சுற்றி லத்தீனில் அவர் பெயர், அதில் சீசர் என்ற சொல்லும் உண்டு. அதே வகைக் காசுதான், அகஸ்டஸின் ஒரு காசு வகையோடு சேர்ந்து, தென்னிந்தியப் புதையல்களில் மிக அதிகமாகக் கிடைத்திருக்கிறது. கரூர், கோவைப் பக்கங்களில் நிறைய. அப்படியென்றால் டெல்லி தர்பாருக்குச் சுமார் ஆயிரத்து எண்ணூறு ஆண்டுக்கு முன்பே அந்தப் பெயர் நம் பக்கம் வந்து கைமாறியிருக்கிறது, யாருக்கும் பட்டமாக இல்லாமல், மிளகுக்கு விலையாக.

கண் வலிக்கிறது, இதோடு நிறுத்துகிறேன். உன் அப்பா வைத்திருந்த அந்தப் பழைய பதிப்பு இன்னும் உன்னிடம் இருக்கிறதா? இருந்தால் அப்போஸ்தலர் நடபடிகளில் பவுல் மேல்முறையீடு செய்யும் இடத்தைப் பார்த்து எழுது. 'இராயனுக்கு அபயமிடுகிறேன்' என்று எனக்கு ஞாபகம். அது எந்த ஆண்டில் அச்சான பதிப்பு என்பதையும் முதல் பக்கத்தில் பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்