கண் சிகிச்சை முகாமுக்குத் துணை நின்ற அனைவருக்கும் நன்றி

அன்பிற்குரிய ஊர் மக்களுக்கு வணக்கம்.

எங்கள் ரோட்டரி சங்கம் நடத்திய இலவசக் கண் சிகிச்சை முகாம் சென்ற மாதமே முடிந்துவிட்டதாகப் பலரும் நினைத்திருக்கலாம். அறுவை சிகிச்சை செய்துகொண்ட கடைசி நபரின் கண்ணையும் மருத்துவர் மறுபரிசோதனையில் பார்த்து முடித்த கடந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்களைப் பொறுத்தவரை முகாம் நிறைவுற்றது. அதுவரை காத்திருந்தே இம்மடலை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமைதோறும் மாலை ஏழு மணிக்குக் கூடும் எங்கள் வாராந்திரக் கூட்டத்தில்தான் இதற்கான பேச்சு தொடங்கியது. 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸும் நண்பர்களும் ஒவ்வொருவருடைய அலுவலகத்திலும் மாறி மாறிக் கூடியதால் வந்த பெயர்தான் ரோட்டரி; நாங்கள் அப்படி இடம் மாறவேண்டிய தேவையே இல்லாமல், வாடகை எதுவும் வாங்காமல் தம் மண்டபத்தின் மாடியை வாரந்தோறும் திறந்துவைக்கும் அதன் உரிமையாளருக்கு முதல் நன்றி.

அந்தக் கூட்டங்களில் ஒன்றுக்குச் சிறப்பு விருந்தினராக வந்த கிராம சுகாதார செவிலியர் அம்மாவை நான் தனியே குறிப்பிட வேண்டும். பேருந்து நிலையத்திற்கு அருகில் முகாமை வைத்து, நோட்டீஸ் அடித்து, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். கண்புரை முற்றியவர்கள் தனியாகப் பேருந்து ஏற மாட்டார்கள் என்றும், கூட்டி வர வேண்டிய பிள்ளைகள் கூலி வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்றும், "வீட்டு வாசலுக்கு வண்டி போனால்தான் அவர்கள் வருவார்கள்" என்றும் அவர் எடுத்துச் சொன்னார். கூட்டத்தின் தொடக்கத்தில் நாங்கள் வழக்கமாக வாசிக்கும் நான்கு கேள்விகளில் ஒன்று, நாம் செய்வது சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நியாயமானதா என்பது. அதன் பொருள் அன்றுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது. அன்றிரவே திட்டத்தை மாற்றினோம்.

அந்த மாற்றத்தைச் செயலாக்கியவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினரும் ஆட்டோ ஓட்டுநர்களும்தான். குழுவினர் தெருத் தெருவாகச் சென்று, பார்வை மங்கிய முதியவர்களின் பெயர்களை ஒரு பள்ளி நோட்டில் எழுதிவந்தார்கள். ஓட்டுநர்கள் ஞாயிறு வருமானத்தை விட்டுவிட்டு, அந்த நோட்டைப் பார்த்து வீடு வீடாகச் சென்று அழைத்து வந்தார்கள். முகாம் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் மின்சாரம் நின்றபோது, கேட்பதற்கு முன்பே ஜெனரேட்டரை அனுப்பிய அச்சக உரிமையாளருக்கும், வகுப்பறைகளைத் தந்த பள்ளிக்கும், உணவுக்கும் செலவுக்கும் நன்கொடை அளித்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய காலத்திலிருந்து, சிகிச்சையை மருத்துவர்களும் மற்ற ஏற்பாடுகளை உள்ளூர் மக்களும் ஏற்கும் இத்தகைய முகாம்கள் தென் தமிழகத்தில் வேரூன்றியிருக்கின்றன. அந்த வழக்கத்தின்படியே எங்கள் ஊருக்கும் வந்து, அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்களை அன்றே பேருந்தில் அழைத்துச் சென்று, லென்ஸ் பொருத்தி, உணவும் தங்குமிடமும் தந்து திருப்பி அனுப்பிய மருத்துவக் குழுவினருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

மறுபரிசோதனை நாளன்று, பச்சைக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பாட்டி என் சட்டைப் பையில் இருந்த சங்கத்தின் சக்கரச் சின்னத்தை உற்றுப் பார்த்தார். அதன் பற்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். பிறகு, "இனிமே அரிசியில கல்லு பொறுக்க யாரையும் கூப்பிட வேண்டாம்யா" என்றார். அந்தச் சொல் எனக்கல்ல, நோட்டுடன் அவர் வாசலில் போய் நின்ற பெண்களுக்கே உரியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடியிருந்ததால் அறுவை சிகிச்சை தள்ளிவைக்கப்பட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்கள் வரும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளப்படும். மாத்திரைகளை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறார்களா என்று பார்த்துக்கொள்வதாகச் செவிலியர் அம்மாவும், அடுத்த முகாமுக்கு அழைத்து வருவதாக அதே ஓட்டுநர்களும் இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நன்றியுடன்,
செயலாளர்,
ரோட்டரி சங்கம்