பெரியகடை வீதிக்காரர்களுக்கு நன்றி

வணக்கம்.

கோவை பெரியகடை வீதியில் இருக்கும் புனித மிக்கேல் அதிதூதர் பேராலயத்தையும் அதைச் சுற்றியுள்ள தெருக்களையும் பற்றி நாங்கள் சிலர் சேர்த்துவந்த தொகுப்பு முடிந்துவிட்டது. உதவியவர்களில் பாதிப்பேருக்கு மேல் எங்கள் பங்கை, அதாவது இந்தப் பேராலயச் சமூகத்தை, சேர்ந்தவர்கள் அல்ல. பூசை முடிவில் அறிவிப்பாக வாசித்தால் அவர்கள் காதுக்கு எட்டாது என்பதால் பொதுவில் எழுதுகிறோம்.

எந்த ஆண்டில் என்ன நடந்தது என்பது புத்தகங்களிலேயே கிடைத்தது. 1846-ல் கோவைக்கு அருகே கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர், கோவைப் பகுதியில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் மரியோன் பிரெசியாக். பிறகு இங்கிருந்து விலகி, 1856-ல் பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையைத் தொடங்கினார். 1859-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபிரீடவுன் போய் இறங்கிய சில வாரங்களிலேயே மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். கோவை தனி மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதி, ஆனது 1886-ல். பிரெஞ்சுப் பக்கங்களைப் பொறுமையாக வாசித்துச் சொன்ன ஃபாதருக்கு நன்றி.

ஆனால் தெருவைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. அதைச் சொன்னவர் பாத்திரக்கடைப் பெரியவர். "ஞாயித்துக்கிழமை பூசை முடியற நேரம் பார்த்துத்தானுங்க எங்கப்பா கடை திறப்பாரு. சுத்துப்பட்டு ஊர்க்காரங்க சாமான் வாங்கிட்டுத்தான் பஸ் ஏறுவாங்க" என்றார். அப்போது கடைக்கு மேலேயே குடியிருப்பு. இப்போது மாடியெல்லாம் குடோன். அவர் வீடு நகரின் வடக்கே கணபதியில், எங்களில் பலர் வீடு சரவணம்பட்டியில். பூசைக்குக் காரில் வந்து, நிறுத்த இடமில்லாமல் அவர் கடை வாசலையே அடைக்கிறோம். அதற்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிடுகிறோம்.

எங்களிடம் இருந்த படங்கள் எல்லாம் கோவில் வாசலில் நின்று எடுத்தவை. தெருவில் இருந்து பார்த்தால் கோவில் எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒன்றுகூட இல்லை. கடைசியில் கோட்டைமேட்டுக் குடும்பம் ஒன்றின் கல்யாண ஆல்பத்தில் கிடைத்தது: முன்னால் மாப்பிள்ளை ஊர்வலம், பின்னால் பேராலயக் கோபுரம். "கோபுரத்துக்காக எங்க வீட்டுக்காரர் முகத்தை வெட்டிப்போடாதீங்க தம்பி" என்பதுதான் அந்த அம்மாவின் ஒரே நிபந்தனை. வெட்டவில்லைங்க அம்மா, முழுப் படமாகவே போட்டிருக்கிறோம்.

அப்புறம், ஸ்கேன் செய்ய ராத்திரி வரை கடையைத் திறந்து வைத்திருந்த தம்பிக்கும், மில் வேலைக் கதைகளைச் சொன்ன அண்ணன்மாருக்கும் நன்றி.

படம் கொடுத்தவர்கள் ஞாயிறு காலைப் பூசைக்குப் பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம். வர முடியாதவர்கள் சொல்லி அனுப்புங்கள், நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
தொகுப்பில் வேலை பார்த்த பங்கு மக்கள்